எந்த அரசிக்காக மன்றாடுகிறாய்?

(திசம்பர் முதல் நாள், புனித எட்மண்ட் கேம்பியன் நினைவுநாளையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு நாணயத்தைக் காட்டச் சொன்ன நிகழ்ச்சி நமக்கெல்லாம் தெரியும். நாணயத்தில் சீசரின் உருவம் இருந்தது, பதில் தெளிவாகிவிட்டது. ஆனால் அந்தச் சீசரே, "கடவுளுக்குரியது எது என்பதையும் நானே தீர்மானிப்பேன்" என்று கிளம்பினால் என்ன செய்வது? கடவுளின் பெயரால் பேசுகிறவர்கள், "சீசரின் நாற்காலியில் யார் உட்காருவது என்பதை நாங்கள் தீர்மானிப்போம்" என்று சொன்னால், அப்போது சாதாரண விசுவாசி எங்கே போவான்?

இவை இரண்டும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் நடந்தன. நாடு இங்கிலாந்து. காலம், முதலாம் எலிசபெத் ஆண்ட 1558 முதல் 1603 வரையிலான 45 ஆண்டுகள். இன்று நாம் நினைவுகூரும் புனித எட்மண்ட் கேம்பியன் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று உயிரைக் கொடுத்தவர். அவருடைய கதையை மட்டும் சொன்னால் பாதிதான் புரியும். எனவே கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

எலிசபெத்தின் தந்தை எட்டாம் ஹென்றி 1534இல் திருத்தந்தையின் அதிகாரத்தை மறுத்து, இங்கிலாந்து திருச்சபைக்குத் தாமே தலைவர் என்று சட்டம் செய்தார். அதை ஏற்காத புனித தாமஸ் மோரும், ஆயர் புனித ஜான் ஃபிஷரும் 1535இல் தலை வெட்டப்பட்டார்கள். ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டு காலத்தில் நாடு முழுமையாகப் புராட்டஸ்டண்டு வழிபாட்டுக்கு மாறியது. பிறகு 1553இல் வந்த மேரி அரசி, கத்தோலிக்கர். அவர் நாட்டை மீண்டும் உரோமையோடு இணைத்தார். இந்த இடத்தில் ஓர் உண்மையை விழுங்கிவிட்டு மேலே போக எனக்கு விருப்பமில்லை. மேரியின் ஐந்தாண்டு ஆட்சியில் ஏறக்குறைய 280 புராட்டஸ்டண்டுகள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பேராயர் தாமஸ் கிரான்மரும் இருந்தார். நெசவாளிகளும் ஏழைப் பெண்களும் இருந்தார்கள். இங்கிலாந்து மக்கள் அதை மறக்கவில்லை. பின்னால் கத்தோலிக்கர் என்றாலே அவர்களுக்கு ஏன் அச்சம் வந்தது என்பதற்கு அந்தத் தீயும் ஒரு காரணம்.

ஒரு கிராமத்து விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். 1520இல் பிறந்து திருமுழுக்குப் பெற்றவர். நாற்பது வயதுக்குள் அவருடைய பங்கு ஆலயத்தில் பீடத்தை இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள், மறுபடி இடித்தார்கள். இலத்தீன் போனது, வந்தது, போனது. அவருடைய பங்குக் குருவும் பெரும்பாலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தலையாட்டிக்கொண்டு அதே ஆலயத்தில் இருந்தார். நாமாக இருந்தால் எத்தனை பேர் உறுதியாக நின்றிருப்போம்?

எலிசபெத் 1558 நவம்பரில் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, அரசியே திருச்சபையின் தலைமை ஆளுநர் என்றது. பதவியில் இருப்போர் அதை ஏற்று ஆணையிட வேண்டும். இன்னொன்று, திருப்பலியைத் தடை செய்து ஆங்கில மன்றாட்டு நூலை எல்லா ஆலயங்களுக்கும் கட்டாயமாக்கியது. இந்த இரண்டாம் சட்டம் பிரபுக்கள் அவையில் மூன்றே வாக்கு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. ஆயர்களில் ஒரே ஒருவரைத் தவிர அனைவரும் ஆணையிட மறுத்துப் பதவி இழந்தார்கள். ஹென்றி காலத்தில் ஜான் ஃபிஷர் தனியாக நின்றார். ஆயர்களுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் துணிவு வந்தது.

சாதாரண மக்களுக்கு என்ன தண்டனை? ஞாயிறன்றும் திருநாள்களிலும் அரசின் ஆலய வழிபாட்டுக்கு வராவிட்டால் 12 பென்ஸ் அபராதம். கூலியாளுக்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேல். ஆகவே பல கத்தோலிக்கர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கணவர் ஆலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவார், நற்கருணை வாங்கமாட்டார். மனைவி, பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் வைத்துக்கொண்டு வீட்டில் செபிப்பார். சொத்து கணவர் பெயரில் இருப்பதால் மனைவியிடம் அபராதம் வசூலிப்பது அரசுக்குப் பெரும் தலைவலி. இப்படி வீட்டுக்குள் விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதல் பத்து ஆண்டுகள் அரசும் அதிகம் நெருக்கவில்லை. வயதான குருக்கள் இறந்துபோனால் இந்த நோய் தானாகத் தீர்ந்துவிடும் என்று காத்திருந்தது.

நிலைமை தலைகீழாக மாறியது 1569, 1570 ஆண்டுகளில். ஸ்காட்லாந்தின் கத்தோலிக்க அரசி மேரி ஸ்டூவர்ட், தம் நாட்டிலிருந்து தப்பி 1568இல் இங்கிலாந்துக்கு வந்து காவலில் இருந்தார். எலிசபெத்துக்குப் பின் அரியணைக்கு நெருங்கிய உரிமை அவருக்கே. அடுத்த ஆண்டு வடபகுதியின் பிரபுக்கள் இருவர் கலகம் செய்தார்கள். டரம் பேராலயத்துக்குள் நுழைந்து, ஆங்கில மன்றாட்டு நூலைக் கிழித்தெறிந்து, அங்கே திருப்பலி நிறைவேற்றச் செய்தார்கள். சில வாரங்களில் கலகம் அடங்கியது. தூக்கில் தொங்கியவர்கள் நூற்றுக்கணக்கான ஏழைகள்.

கலகம் அடங்கிய பிறகு, 1570 பிப்ரவரி 25 அன்று, திருத்தந்தை ஐந்தாம் பயஸ் ஓர் ஆணைமடலை வெளியிட்டார். எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து நீக்கியதோடு அது நிற்கவில்லை. அவர் அரசியே இல்லை என்றது. குடிமக்கள் அவருக்குக் கொடுத்த வாக்குறுதியிலிருந்து விடுபட்டார்கள் என்றது. இனி அவருக்குக் கீழ்ப்படிகிறவர்களும் அதே நீக்கத்துக்கு ஆளாவார்கள் என்றது.

ஐந்தாம் பயஸ் புனிதர். செபமாலை அன்னை திருநாளை நாம் கொண்டாடும்போதெல்லாம் அவரை நினைக்கிறோம். ஆனால் புனிதர்கள் அரசியலில் எடுத்த ஒவ்வொரு முடிவும் புனிதமானது என்று திருச்சபை நமக்குக் கற்பிக்கவில்லை. ஓர் அருள்பணியாளனாக என் கணிப்பைச் சொல்கிறேன்: இந்த ஆணைமடலின் விலையை உரோமையில் யாரும் கொடுக்கவில்லை, இங்கிலாந்தில் இருந்த குடும்பங்கள் கொடுத்தன. ஸ்பெயினின் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் பிலிப்பே, தம்மைக் கலந்துகொள்ளாமல் இப்படிச் செய்துவிட்டார்களே என்று வருந்தினார். "நான் கத்தோலிக்கன், அரசிக்கும் உண்மையுள்ள குடிமகன்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதனுக்கு இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்லவே முடியவில்லை. முதல் பாதியை உரோமை பிடித்து இழுத்தது; இரண்டாம் பாதியை இலண்டன் பிடித்து இழுத்தது.

ஜான் ஃபெல்டன் என்ற பொதுநிலையினர் அந்த மடலின் ஒரு பிரதியை இலண்டன் ஆயர் இல்லத்தின் கதவில் அறைந்துவிட்டுக் கொல்லப்பட்டார். 1571இல் உரோமையிலிருந்து எந்த ஆணைமடலைக் கொண்டுவருவதும் இராசத் துரோகம் என்று சட்டம் வந்தது. அது வரை பாவமென்றும் தவறென்றும் பேசப்பட்டது, இப்போது துரோகமென்று பேசப்பட்டது. இந்த ஒரு சொல் மாறியதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துரோகிக்கு மறைசாட்சி முடி கிடையாது. அரசுக்கு வேண்டியிருந்தது அதுதான். 1583இல் அரசியின் முதன்மை அமைச்சர் வில்லியம் செசில், இவர்களை நாங்கள் மதத்துக்காகக் கொல்லவில்லை, துரோகத்துக்காகத்தான் கொல்கிறோம் என்று ஒரு நூலே எழுதினார்.

இதற்கிடையில், வயதான குருக்கள் இறந்துபோகட்டும் என்ற அரசின் கணக்கைப் பொய்யாக்கியவர் வில்லியம் ஆலன். ஆக்ஸ்போர்டில் படித்த இந்தக் குரு, 1568இல் கடலுக்கு அப்பால் டூவே நகரில் இங்கிலாந்து இளைஞர்களுக்கென ஒரு குருத்துவக் கல்லூரி தொடங்கினார். 1574இல் முதல் குருக்கள் அங்கிருந்து இரகசியமாகத் தாயகம் திரும்பினார்கள். அவர்களில் முதலில் உயிர் கொடுத்தவர் கத்பர்ட் மேய்ன், 1577 நவம்பர் 30 அன்று. அவர்மேல் சாட்டிய குற்றங்களில் ஒன்று, காலாவதியான யூபிலி ஆண்டு மடலின் அச்சுப் பிரதியை வைத்திருந்தது!

அந்த ஆண்டுகளில் ஆங்கிலேய இளைஞர்கள் பல திசைகளுக்கும் சிதறினார்கள். அவர்களில் தாமஸ் ஸ்டீபன்ஸ் என்பவர் உரோமையில் இயேசு சபையில் சேர்ந்து, 1579இல் கோவாவுக்கு வந்து இறங்கினார். மராத்தியில் 'கிறிஸ்த புராணம்' என்ற பெருங்காவியம் பாடியவர் அவரே. அவருடைய நெருங்கிய நண்பர் தாமஸ் பவுண்டு, விசுவாசத்தின்பொருட்டு இங்கிலாந்துச் சிறைகளில் பல ஆண்டுகள் கிடந்தார். நம் நாட்டுக்கு ஒரு மறைப்பணியாளர் கிடைத்ததில் அந்தத் துன்பக் காலத்துக்கும் பங்கு உண்டு.

இனி கேம்பியனுக்கு வருவோம். 1540இல் இலண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் மாணவர்கள் சூழ்ந்து நின்ற ஆசிரியர். 1566இல் எலிசபெத் ஆக்ஸ்போர்டுக்கு வந்தபோது அவர் முன்னிலையில் பேசிப் பாராட்டுப் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் திருத்தொண்டராகவும் ஆனார். பெரிய பதவிகள் காத்திருந்தன. ஆனால் திருச்சபைத் தந்தையரின் நூல்களைப் படிக்கப் படிக்க அவருடைய மனச்சான்று அவரை விடவில்லை. நாட்டை விட்டு வெளியேறி டூவே சென்றார். 1573இல் இயேசு சபையில் சேர்ந்தார். பிராகு நகரில் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கேயே இருந்திருந்தால் நல்ல பேராசிரியராக முதுமையில் இறந்திருப்பார்.

1580இல் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். புறப்படும் முன் அவரும் உடன் சென்ற இராபர்ட் பெர்சன்ஸும், அந்த 1570 மடலைப் பற்றி ஏதாவது செய்யுங்கள் என்று உரோமையில் கேட்டார்கள். திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி ஒரு விளக்கம் தந்தார்: மடல் அரசியைக் கட்டுப்படுத்தும்; ஆனால் இன்றைய நிலைமை நீடிக்கும் வரை கத்தோலிக்க மக்களைக் கட்டுப்படுத்தாது. அதாவது அவர்கள் அரசிக்குக் கீழ்ப்படியலாம், பாவமில்லை. மக்களின் மூச்சுத் திணறலுக்கு இது ஆறுதலாக இருந்தது. ஆனால் 'இன்றைய நிலைமை நீடிக்கும் வரை' என்ற வாலை அரசின் அதிகாரிகள் விடுவார்களா? "அப்படியானால் நிலைமை மாறினால் எழுந்து குத்துவீர்களா?" என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேம்பியன் நகை வியாபாரி வேடத்தில் டோவர் துறைமுகத்தில் இறங்கினார். ஓராண்டு, வீடு வீடாக, பெயரையும் உடையையும் மாற்றிக்கொண்டு பயணம். இரவில் ஒப்புரவு அருளடையாளம், விடியலில் மறையுரையும் திருப்பலியும், உடனே குதிரை ஏறி அடுத்த ஊர். தாம் வந்தது ஆன்மாக்களுக்காகவே, அரசு விவகாரங்களில் தலையிடத் தமக்குத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது என்று அரசியின் ஆலோசகர்களுக்கே ஒரு மடல் எழுதி வைத்தார். ஓர் இரகசிய அச்சகத்தில், தம் விசுவாசத்துக்குப் பத்துக் காரணங்களைச் சொல்லும் ஒரு சிறு இலத்தீன் நூலையும் அச்சிட்டார். 1581 சூன் 27 அன்று ஆக்ஸ்போர்டு தூய மரியா ஆலயத்துக்குப் பல்கலைக்கழகத்தார் வந்து அமர்ந்தபோது, இருக்கைகள் முழுவதும் அந்த நூல் கிடந்தது. விரிவுரையைக் கேட்க ஆளில்லை. எல்லாரும் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றே வாரத்தில் பிடிபட்டார். லைஃபோர்டு என்ற இடத்தில், அவருடைய திருப்பலியில் பக்தியோடு கலந்துகொண்ட ஒருவனே காட்டிக்கொடுத்தான். கலகக்கார இயேசு சபையினன் என்று எழுதிய தாளைத் தொப்பியில் செருகி, இலண்டன் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். கை கால்களை இழுக்கும் சித்திரவதைக் கட்டிலில் பலமுறை கிடத்தினார்கள். நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை. கையை உயர்த்தி வாதத்தைத் தொடங்க வேண்டும்; அவரால் கையை உயர்த்த முடியவில்லை. உடன் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் அந்தக் கையை முத்தமிட்டுத் தூக்கிப் பிடித்தார். எலிசபெத்தைத் தம் முறையான அரசியாக ஏற்பதாகக் கேம்பியன் சொன்னார். அரசியைக் கொல்லச் சதி என்ற குற்றச்சாட்டுக்கு நம்பத்தக்க சாட்சி எதுவும் இல்லை. ஆனாலும் தீர்ப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது.

1581 திசம்பர் முதல் நாள் டைபர்ன் கொலைக்களத்தில், கழுத்தில் கயிறு மாட்டிய நிலையில் அவர் அரசிக்காக மன்றாடினார். கூட்டத்தில் நின்ற ஒரு பிரபு, எந்த அரசிக்காக என்று கேட்டார். காவலில் இருந்த மேரி ஸ்டூவர்ட்டின் பெயரைச் சொல்லிவிடுவார் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கேள்வியில் இருந்தது. உங்கள் அரசியும் என் அரசியுமான எலிசபெத்துக்காக என்று பதில் சொல்லி, அவர் நீண்ட காலம் அமைதியோடு ஆள வேண்டும் என்று வாழ்த்தினார் கேம்பியன். அவருடைய உடலை வெட்டியபோது தெறித்த இரத்தம், வேடிக்கை பார்க்க வந்திருந்த ஹென்றி வால்போல் என்ற இளைஞரின் சட்டையில் பட்டது. வால்போல் இயேசு சபைக் குருவானார். 1595இல் யார்க் நகரில் அதே சாவு அவருக்கும் வந்தது.

கேம்பியன் கொல்லப்பட்ட அந்த ஆண்டில் ஆலயத்துக்கு வராதவர்களின் அபராதம் மாதத்துக்கு 20 பவுண்டு ஆக்கப்பட்டது. ஒரு கைத்தொழிலாளி ஆண்டு முழுவதும் உழைத்தாலும் அவ்வளவு பணத்தைப் பார்க்கமாட்டார். 1585இல் அதைவிடக் கொடிய சட்டம் வந்தது. வெளிநாட்டில் திருநிலைப்படுத்தப்பட்ட குரு 40 நாளுக்குள் நாட்டை விட்டுப் போகாவிட்டால் துரோகி. அவருக்குத் தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும் மரணம். கதவைத் திறந்து ஒரு தட்டு சோறு போட்டாலும் மரணம் என்று நம் வழக்கில் சொல்லலாம்.

அந்தச் சட்டத்தில் சிக்கியவர் யார்க் நகரத்து மார்கரெட் கிளித்ரோ. மெழுகுதிரி வியாபாரியின் மகள், இறைச்சிக் கடைக்காரரின் மனைவி. கணவர் ஜான் அரசின் ஆலயத்துக்குப் போகிறவர். ஆனால் மனைவிக்காக அபராதம் கட்டிக்கொண்டே இருந்தார். மார்கரெட் பலமுறை சிறை சென்றார்; எழுத்து வாசிக்கக் கற்றுக்கொண்டதே சிறையில்தான். வீட்டில் ஓர் இரகசிய அறையில் குருக்களுக்கு இடம் கொடுத்தார். 1586 மார்ச்சில் சோதனை வந்தது. பெரியவர்களிடம் ஒன்றும் பெயரவில்லை. வீட்டில் படித்துக்கொண்டிருந்த ஓர் அயல்நாட்டுச் சிறுவனைத் துகிலுரித்துப் பிரம்பைக் காட்டி மிரட்டினார்கள். பயத்தில் அவன் அறையைக் காட்டிவிட்டான். அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது.

நீதிமன்றத்தில் அவர் குற்றவாளி என்றோ இல்லை என்றோ சொல்ல மறுத்தார். சொன்னால் வழக்கு நடக்கும். வழக்கு நடந்தால் தம் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் கூண்டில் ஏற்றித் தாய்க்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பார்கள். பதில் சொல்லாதவர்களுக்கு அன்றைய தண்டனை, மேலே பாரம் ஏற்றி நசுக்குவது. நீதிபதி பலமுறை கெஞ்சினார், அவர் அசையவில்லை. அந்த ஆண்டு யார்க் நகரத் தலைவராக இருந்தவர் அவருடைய மாற்றாந்தந்தையே! தொப்பியைக் கணவருக்கும், காலணிகளை மகள் ஆனுக்கும் அனுப்பிவிட்டு, கிறிஸ்து பிறப்பு அறிவிப்புத் திருநாளான மார்ச் 25 அன்று கொலைக்களம் சென்றார். வயிற்றில் ஒரு குழந்தை இருந்திருக்கலாம் என்றும் சொல்லப்படுகிறது. அவரிடமும் அரசிக்காகச் செபிக்கச் சொன்னார்கள். அவரும் செபித்தார், கடவுள் அரசியைக் கத்தோலிக்க விசுவாசத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று. முதுகின் கீழ் கூரிய கல்லை வைத்து, மேலே ஒரு கதவைப் போட்டு, அதன்மேல் பாறைகளை ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மகன்கள் இருவர் குருத்துவப் படிப்புக்குப் போனார்கள், மகள் ஆன் துறவியானார்.

இப்படி வீடுகளில் சிலர் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்க, வேறு சில கத்தோலிக்கர்கள் உண்மையிலேயே சதி செய்தார்கள். அந்த 1586இலேயே ஆந்தனி பாபிங்டன் என்ற இளைஞரும் கூட்டாளிகளும் எலிசபெத்தைக் கொன்றுவிட்டு மேரி ஸ்டூவர்ட்டை அரியணையில் ஏற்றத் திட்டமிட்டார்கள். அரசின் ஒற்றர்கள் அவர்களுடைய கடிதங்களையெல்லாம் படித்துக்கொண்டிருந்தது தனிக் கதை. மேரி ஸ்டூவர்ட்டின் தலை 1587 பிப்ரவரியில் விழுந்தது. 1588இல் ஸ்பெயினின் மாபெரும் கப்பற்படை வந்தபோது, டூவே கல்லூரியின் தந்தையான ஆலன் - அப்போது கர்தினால் - படையெடுப்பை ஆதரித்து எழுதினார். எத்தனையோ நல்ல குருக்களை உருவாக்கிய அந்தப் பெரியவர், தம் மாணவர்கள் தூக்குமேடையில் மறுத்த குற்றச்சாட்டை ஒரே எழுத்தில் மெய்யாக்கிவிட்டாரே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. படை தோற்றது. அந்த ஆண்டின் பின்பகுதியில் குருக்களும் பொதுநிலையினருமாகக் கொத்துக் கொத்தாகத் தூக்கிலிடப்பட்டார்கள்.

பிடிபட்ட குருக்களிடம் கேட்கும் ஒரு கேள்வி இருந்தது: திருத்தந்தையின் படை வந்து இறங்கினால் நீ எந்தப் பக்கம்? 'இரத்தக் கேள்வி' என்றே அதற்குப் பெயர். நடக்காத ஒன்றுக்கு ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் தண்டனை தேடும் கேள்வி அது. எலிசபெத்தின் ஆட்சியில் 120க்கும் மேற்பட்ட குருக்களும், ஏறக்குறைய 60 பொதுநிலையினரும் உயிரிழந்தார்கள்.

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் துணிந்தவர்களும் உண்டு. 1603 சனவரியில் 13 குருக்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். எலிசபெத்தே எங்கள் அரசி. எந்தப் படை வந்தாலும் அவருக்காக நிற்போம். ஆனால் ஆன்மிகக் காரியத்தில் திருத்தந்தைக்குரியதைத் திருத்தந்தைக்குத்தான் கொடுப்போம் என்பது அதன் சாரம். இதைத்தானே முப்பது ஆண்டுகளாக மக்கள் சொல்ல விரும்பினார்கள்! அடுத்த இரண்டு மாதத்தில் அரசி இறந்தார். கையெழுத்திட்டவர்களில் இராபர்ட் டுரூரி, ரோஜர் காட்வாலடர் என்ற இருவர், அடுத்த மன்னர் முதலாம் ஜேம்ஸ் கேட்ட ஆணையைத் தங்கள் மனச்சான்று அனுமதிக்காததால் 1607இலும் 1610இலும் தூக்கிலிடப்பட்டார்கள். எந்த அரசியை எதிரிப் படையிடமிருந்து காப்போம் என்று எழுதிக் கொடுத்தார்களோ, அந்த நாட்டுச் சட்டமே அவர்களைத் துரோகிகள் என்று கொன்றது.

1970 அக்டோபரில் திருத்தந்தை ஆறாம் பவுல், கேம்பியனையும் மார்கரெட்டையும் வால்போலையும் சேர்த்து இங்கிலாந்து, வேல்ஸ் மறைசாட்சிகள் நாற்பது பேருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஆங்கிலிக்கன் சகோதரர்களுக்குப் பழைய காயம் கிளறப்படுமோ என்ற கவலை இருந்தது. திருத்தந்தை தம் மறையுரையில் ஆங்கிலிக்கன் சபையை அன்புக்குரிய சகோதரி என்ற பொருளில் அழைத்துப் பேசினார். கேம்பியன் கையைத் தூக்க முடியாமல் நின்ற அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில், 2010இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே நின்று, தாமஸ் மோரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்து, மனச்சான்றைப் பற்றிப் பேசினார்.

ஆக்ஸ்போர்டு செல்பவர்கள் தூய மரியா ஆலயத்தைப் பார்க்கலாம். 1556இல் எரிக்கப்படும் முன் கிரான்மர் கடைசியாகப் பேசியது அந்த ஆலயத்தில். 1581இல் கேம்பியனின் நூல் இருக்கைகளில் கிடந்ததும் அந்த ஆலயத்தில். இப்போது அங்கே ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் விசுவாசத்துக்காக உயிரிழந்த கத்தோலிக்கர்கள், புராட்டஸ்டண்டுகள் இரு சாராரின் பெயர்களும் அந்த ஒரே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.